நாற்பத்தேழு கேள்விகளும் ஒரு முட்டை வண்டியும்

கண்ணாடிக்காரர் வீட்டுக்குள் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அவருடைய மனைவி அல்ல, சாப்பாட்டு அறைச் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கும் அட்டவணைதான். எட்டுத் தாள்களைப் பசை போட்டு ஒட்டிச் செய்தது. மேலே பெட்டி மாடல், கப்பல் மாடல் என்று ஐந்து ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக நாற்பத்தேழு கேள்விகள். கியர்பாக்ஸ் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும்? இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்குள் இருப்பது சங்கிலியா, பற்சக்கரமா? பின் ஆக்ஸில் கட்டைவிரல் தடிமனா, மணிக்கட்டுத் தடிமனா? முன் சக்கரத்து ஜாயிண்ட் எத்தனை கிலோமீட்டரில் கையை விரிக்கும்? எழுதி, அழித்து, மறுபடி எழுதியதில் ரப்பர் பட்ட இடமெல்லாம் தாள் வெங்காயத் தோலாக மெலிந்துவிட்டது. மூன்று வருஷ உழைப்பு. வாசலில் வண்டிதான் இல்லை.

அவர் தொழில் அப்படி என்று சொல்லி மன்னித்துவிடலாம். நாள் முழுக்க இருட்டறையில் ஆட்களை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்லே இதுவா?" என்று கேட்கிற வேலை. உட்கார்ந்தவர்கள் பத்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். கேட்டவர்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. ஒரு துளியை வைத்து ஆளின் குட்டை உடைத்துவிட்டு அடுத்த துளிக்குப் போய்விடுகிறவள். அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்டவர் எப்படி வாய்த்தார் என்று தெருவில் பேசாத வாய் கிடையாது. அவளுக்கு ஒரே ஓர் ஆசை. தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடைசி இருநூறு கிலோமீட்டர் வெறும் மண்பாதையாக, ஓர் உப்பு ஏரி இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும். அதற்காக மூன்று வருஷம் முன்பு இரண்டு தொப்பிகள் வாங்கினாள். ஒட்டிய விலைச்சீட்டோடு அவை அலமாரியில் கிடக்கின்றன. சேர்த்து வைத்த மூன்று வார விடுப்பையும் இந்த மாதம் எடுக்காவிட்டால் அதோகதிதான்.

இந்த நிலையில்தான் திங்கட்கிழமை சாயங்காலம் அவளுடைய தங்கையும் தங்கையின் கணவரும் டீ குடிக்க வந்தார்கள். அந்தச் சகலைக்குக் குளியலறை டைல்ஸ் வியாபாரம். வீட்டு வாசலில் அவர் நிறுத்தி வைத்திருக்கும் வெள்ளி நிற வண்டிக்குக் கண்ணாடிக்காரரின் மனைவி வைத்த பெயர் பட்டத்து யானை. இடுப்பு உயர டயர், கூரை வரை ஏறும் இன்ஜின் மூச்சுக் குழாய், முன்னால் சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள், முன்னும் பின்னும் இடது வலது சக்கரங்களைச் சேர்த்துச் சுழல வைக்கும் லாக். நகையில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

"சனிக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கிளம்பறோம் அண்ணி, உப்பு ஏரிக்கு," என்றார் டைல்ஸ்காரர். பிறகு சுவரைப் பார்த்து, "சகலை, நீங்களும் இந்த அட்டவணைய எடுத்துக்கிட்டு வாங்க. மணல்ல சிக்கினா சக்கரத்துக்கு அடியில போட்டுக்கலாம்," என்றார்.

கண்ணாடிக்காரர் பென்சிலால் சுவரைத் தட்டினார். "சிக்கறது உங்க வண்டிதான் சகலை. அந்த டயரைச் சுத்தற அளவுக்கு முன்பக்க ஜாயிண்ட்டைச் செய்யல. இருபத்தி மூணாவது கேள்வி. பெரிய டயர், முன் லாக், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு ஒரே மிதி. மூணும் சேந்தா போச்சு."

"அடேயப்பா! வண்டி வாங்காதவருக்கு வண்டியைப் பத்தி எவ்வளவு தெரியுது பாருங்க."

"ஆமா, இவர் மட்டும் பெருசா," என்றாள் தங்கை. "நம்ம யானை இதுவரைக்கும் ஏறின பெரிய மலை சூப்பர் மார்க்கெட்டோட மாடிப் பார்க்கிங்."

டைல்ஸ்காரர் பிஸ்கட்டை டீயில் முக்கினார். "எப்படியோ, பின்னாடி சீட்டு காலியாத்தான் இருக்கு அண்ணி."

மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னங்க, கேட்டுக்கோங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வாசல்ல ஒரு வண்டி நிக்கணும். நிக்கலைன்னா நான் இவங்களோட போயிடுவேன். நீங்க இந்தச் சுவரோட குடித்தனம் பண்ணுங்க."

கண்ணாடிக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். மூன்று வருஷமாக அவர் மனசுக்குள் ஓட்டிய பயணத்தில் அவர் கையில் ஸ்டியரிங், பக்கத்தில் தொப்பியோடு மனைவி. மேட்டில் ஏறும்போது ஏன் இந்த கியர், இறங்கும்போது ஏன் அந்த கியர் என்று அவர் விளக்குவார். அவள் "அப்படியா!" என்பாள். இப்போது அதே மேட்டில் சகலை விளக்கப் போகிறார். அதுவும் தப்புத் தப்பாக.

செவ்வாயும் புதனும் அவர் கடையில் இருந்தார் என்று சொல்ல முடியாது, உடம்பு இருந்தது. கிட்டப்பார்வைக்கு வந்தவருக்குத் தூரப்பார்வை வில்லையைப் போட்டுவிட்டு, "தெளிவா?" என்று கேட்டதாகக் கேள்வி.

வியாழக்கிழமை மதியம் மனைவி அரை நாள் லீவு போட்டு அவரைக் கையோடு, ஊரில் வண்டி ரிப்பேருக்குப் பேர் போன கியர்பாக்ஸ் அக்காவின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். முழங்கை வரை கிரீஸ். மூக்கில் கண்ணாடிக்காரர் கடையில் வாங்கிய கண்ணாடி. அதில் ஒடிந்த காதுப்பிடிக்குப் பதிலாகச் செப்புக் கம்பி.

"என்னம்மா இது, கொண்டு வந்திருந்தா மாத்திக் கொடுத்திருப்பேனே," என்றார் கண்ணாடிக்காரர்.

"இதுவே நல்லா புடிக்குது சார். நீங்க விஷயத்துக்கு வாங்க."

ஆனால் அவர் கண் விஷயத்தில் இல்லை. பட்டறையின் பின்சுவரில் நீளமாக ஓர் இரும்பு அலமாரி. அதில் இருபது வருஷமாக உடைந்து வந்த சாமான்கள்: பல் போன பற்சக்கரங்கள், முறுக்கிக்கொண்ட ஷாஃப்ட்டுகள், வாய் பிளந்த ஜாயிண்ட்டுகள். ஒவ்வொன்றிலும் எந்த வண்டி என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. கண்ணாடிக்காரருக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். ஐந்து நிமிஷத்தில் முகம் மலர்ந்து திரும்பினார்.

"முடிஞ்சுது. பெட்டி மாடல்தான் மோசம், பதினாலு உடைஞ்சிருக்கு. கப்பல் மாடல்ல ஒண்ணுகூட இல்லை. அப்ப கப்பல்தான் உறுதி."

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சார், கப்பல் வெச்சிருக்கிறவங்க மழைத்துளி பட்டாலே இறங்கித் துணியால ஒத்தி எடுக்கிறாங்க. அது எங்க உடையறது? பெட்டி மாடல் இந்தப் பக்கம் எழுநூறு ஓடுது. கல்லு, ஜல்லி, மாடு எல்லாம் அதுலதான் போகுது. இருபது வருஷத்துல பதினாலுதான் இங்க வந்துது."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே சட்டைப்பையில் இருந்து பென்சிலை எடுத்தார். "அப்ப எத்தனை ஓடுது, எதுல ஓடுதுன்னு நாற்பத்தெட்டாவதா ஒரு கேள்வி…"

மனைவி பென்சிலைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

பட்டறை வாசலில் ஒரு பெட்டி மாடல் நின்றுகொண்டிருந்தது. முட்டை வியாபாரியுடையது. அவர் பெரிய வேன் வாங்கிவிட்டதால் இதை விற்கக் கொண்டுவந்திருந்தார். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். ஆதிகாலத்து இரும்புக் குழாய் போல முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். சங்கிலி கிடையாது, எல்லாம் பற்சக்கரம். முன் சக்கர நடுவில் கையால் திருப்பிப் பூட்டுகிற குமிழ். இரண்டையும் இறங்கிப் பூட்டிவிட்டு, உள்ளே வந்து லீவரைப் போட்டால்தான் முன் சக்கரம் வேலை செய்யும். முட்டைத் தட்டு அடுக்குவதற்காகப் பின் சீட்டைக் கழற்றியாகிவிட்டது. ஆக உள்ளே இரண்டே பேருக்கு இடம். மிச்ச இடத்தில் வாசனை.

கண்ணாடிக்காரர் குனிந்து அடியில் பார்க்கத் தொடங்கினார். மனைவி நேராக முட்டை வியாபாரியிடம் போனாள்.

"இதுல என்னென்ன உடைஞ்சுது?"

"கிளட்ச் ரெண்டு தடவைம்மா. ஒரு தடவை பின்னாடி ஷாஃப்ட்டுல ஜாயிண்ட் போச்சு. கல்குவாரி ரோட்டுல."

"என்ன பண்ணீங்க?"

"ஷாஃப்ட்டையே கழட்டி உள்ள போட்டுக்கிட்டு, முன் சக்கரத்தைப் பூட்டி முன் இழுவையிலேயே வீட்டுக்கு வந்தேன். ஒரு முட்டை உடையல."

"ரிப்பேர் பண்ணது?"

"நான்தான்," என்றாள் அக்கா. "ஜாயிண்ட் எதிர்க்கடையிலேயே கிடைச்சுது. பெட்டி மாடல் சாமான் இல்லாத ஊரே இல்லை."

"இதுதான்," என்றாள் மனைவி.

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "இரு இரு, இந்தப் பின் ஆக்ஸில் வழியில உடையாதுன்னு யாராவது எழுதிக் கொடுப்பாங்களா?"

அக்கா குனிந்து அவர் காலைப் பார்த்துச் சொன்னாள். "உங்க கண்ணாடி போட்டவன் சாக்கடையில விழ மாட்டான்னு நீங்க எழுதிக் கொடுங்க சார், நானும் எழுதித் தரேன்."

கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். முன் சீட்டில் மனைவி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர், "சரி," என்றார். சொன்ன பிறகு அவருக்கே வியர்த்தது.

அன்று சாயங்காலமே வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. கெடுவுக்கு ஒரு நாள் முன்பே. இரண்டு குடும்பமும் இரண்டு வண்டியில் போவதென்று பேச்சு. ஸ்டியரிங் சீட்டு அவருடையது, மனைவி பக்கத்தில். அந்த மனுஷர் தூங்கும்போதும் சிரித்ததாகத் தகவல். அதோடு நின்றிருந்தால் கதை சுபம்.

வெள்ளிக்கிழமை காலை, "எதுக்கும் ஒரு தடவை மணல்ல ஓட்டிப் பாத்துடலாம்," என்று அவரே கிளப்பினார். ஊருக்கு வெளியே வறண்ட ஆறு. எல்லோரும் வந்தார்கள். டைல்ஸ்காரர் வேடிக்கை பார்க்க யானையோடு வந்தார்.

மணல் தொடங்கும் இடத்தில் கண்ணாடிக்காரர் இறங்கவில்லை, குமிழைத் திருப்பவில்லை. லீவர் பக்கம் போன கை, சூடான பாத்திரத்தைத் தொட்டதைப் போல் திரும்பி வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மூன்று வருஷமாக அவர் படித்ததெல்லாம் எது எப்படி உடையும் என்பதுதான். போட்டால் தேயும், தேய்ந்தால் ஆடும், ஆடினால் உடையும். போடாமலே இருந்தால்?

"நாலு சக்கரமும் போடுங்க," என்றாள் மனைவி.

"இன்னும் அவசியம் வரல. வீணாப் போட்டா தேய்மானம்."

"மணல்ல போடாம வேற எங்க போடப் போறீங்க? வாசல்ல நிறுத்தும்போதா?"

"நீ பேசாம வா."

பேசாமல் வந்தாள். இருபது அடி. பின் சக்கரம் மணலைத் தோண்ட ஆரம்பித்தது. அவர் மிதித்தார், இன்னும் தோண்டியது. ரிவர்ஸ் போட்டார், அதற்கும் தோண்டியது. வண்டி உட்கார்ந்துவிட்டது, நான்கு சக்கர வண்டி, இரண்டு சக்கரத்தில்.

கரையில் டைல்ஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த ஒரு காட்சி போதும், பத்து வருஷத்துக்குக் கல்யாண வீடெல்லாம் சொல்லலாம். "அசையாதீங்க சகலை! யானை வருது!" என்று கூவிக்கொண்டே வண்டியை மணலில் இறக்கி, இழுக்கும் பட்டையை இரண்டு வண்டிக்கும் மாட்டி, முன் லாக், பின் லாக் எல்லாவற்றையும் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, தங்கை பார்க்கிறாளா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரே மிதி.

டக்.

தேங்காய் உடைக்கிற சத்தம்கூட இல்லை. சின்னதாக ஒரு டக். யானையின் முன் சக்கரம் ஒன்று அரைகுறையாக ஒருக்களித்து நின்றது.

"கல்லு ஏதோ பட்டிருக்கும்," என்றார் டைல்ஸ்காரர்.

கண்ணுக்கு எட்டிய வரை கல் இல்லை. கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். "இருபத்தி…" என்பது வரை வெளியே வந்தது. மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மிச்சம் உள்ளேயே போய்விட்டது.

அவள் அவரை சீட்டை விட்டு இறங்கச் சொன்னாள். இரண்டு குமிழையும் திருப்பினாள், டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினாள், சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் ஒதுக்கினாள். ஏறி உட்கார்ந்து லீவரை, வேகம் குறைந்து இழுவை கூடும் லோவில் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் விட்டாள். முட்டை வண்டி எருமை எழுந்திருக்கிற மாதிரி முனகிக்கொண்டு எழுந்து, மெள்ள நடந்து கரைக்கு வந்தது. தங்கை கைதட்டினாள். கணவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

யானையைப் பட்டறைக்கு இழுத்துப் போனதும் முட்டை வண்டிதான். அந்த ஊர்வலம் கடைத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். போயிற்று.

அக்கா சக்கரத்துக்குள் தலையை விட்டு எடுத்தாள். "ஜாயிண்ட் உடைஞ்சு பக்கத்துல இருந்ததையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. கழட்டிட்டு ஓட்டவும் முடியாது. சாதா சாமானா இருந்தா இன்னிக்கே முடிச்சிடுவேன். இது நீங்க பெரிய டயருக்குன்னு தனியா வரவழைச்ச செட்டு. வர எட்டு நாள் ஆகும் சார்."

தங்கை கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தாள். "புதன்கிழமையே பெட்டி கட்டிட்டேன்கா. தையல் வகுப்புக்கு மூணு வாரம் லீவு விட்டாச்சு." கண் கலங்கிவிட்டது.

கண்ணாடிக்காரருக்கு நிலைமையின் கணக்குப் புரிந்துவிட்டது. நல்ல வண்டி ஒன்று, சீட்டு இரண்டு. நைசாகத் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு பண்ணலாம். நானும் இவளும் போய் ஏரியைப் பாத்துட்டு வந்து உங்களுக்கு எல்லாம் விவரமா…"

"என்னங்க."

"என்ன?"

"போடுங்கன்னு சொன்னப்ப போட்டிருந்தா அவர் இழுக்க வந்திருக்க மாட்டார். இழுக்க வரலேன்னா அது உடைஞ்சிருக்காது." ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னாள். "நானும் தங்கச்சியும் போறோம்."

"மண்பாதையில ரெண்டு பேர் தனியாவா?" என்றார் டைல்ஸ்காரர், எப்படியாவது ஒரு ஆண்பிள்ளைத் துணையைச் செருகப் பார்த்து.

"அரை மணிக்கு ஒரு உப்பு லாரி போற ரோடு அது," என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்தபடி. "நீங்க கூட வந்தா உங்களை இழுத்துட்டு வர்ற வேலையும் சேந்துக்கும்."

சனிக்கிழமை ஆறு மணிக்குத் தெருவே வாசலில் நின்றது, பால் வாங்க வந்ததுபோல. கண்ணாடிக்காரர் வண்டியின் முன் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார். அவரால் முடிந்தது அது. நாற்பத்தேழு கேள்விகளை ஒரு அரைத் தாளில் சுருக்கி எழுதி நீட்டினார். மனைவி அதைப் படிக்காமல் முன்பெட்டியில் வைத்தாள். ஆனால் கிழிக்காமல் வைத்தாள் என்பதை அவர் கவனித்துக்கொண்டார். மனைவியும் தங்கையும் விலைச்சீட்டு பிய்த்த தொப்பிகளைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்கள். வண்டி மூலை திரும்பியும் அவர் கையை இறக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் இரண்டு சகலைகளும் பட்டறையில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு போக்கிடம்? யானை நான்கு கட்டைகளின் மேல் நின்றது. "அடுத்த தடவை இன்னும் தடிமனா ஒரு ஜாயிண்ட் போட்டுட்டா…" என்று டைல்ஸ்காரர் ஆரம்பித்தார். "ஜாயிண்ட் தாங்கினா அடுத்து கியர்பாக்ஸ் போகும் சகலை," என்றார் கண்ணாடிக்காரர், சுரத்தில்லாமல்.

போன் அடித்தது. மனைவி.

"ரோட்டுக்குக் குறுக்க உப்புச் சேறு. அம்பது அடி இருக்கும். லாரி ஏறி ஏறிக் குழைஞ்சு கிடக்கு. குமிழைப் பூட்டிட்டேன். லோவா, ஹையா? ரெண்டே வார்த்தையில சொல்லுங்க, விளக்கம் வேணாம்."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். நாற்பத்தேழும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. போட்டால் தேயும். ஆடும். உடையும். போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"லோ. ரெண்டாவது," என்றார். அடக்க முடியாமல், "நடுவுல நிறுத்தாதே," என்றும் சேர்த்துவிட்டார்.

அவள் போனை அணைக்காமல் எங்கோ வைத்தாள். இன்ஜின் சத்தம் ஏறியது. சளக் சளக்கென்று ஏதோ அடித்தது. தங்கை கத்தினாள், பயந்தா சிரித்தா தெரியவில்லை. சத்தம் தாழ்ந்தது, முனகியது, இன்னும் தாழ்ந்தது. டைல்ஸ்காரர் சகலையின் தோளில் தாடையை வைத்துக் காதைக் கொடுத்தார்.

"மாட்டிக்கிச்சா?"

"சும்மா இருங்க சகலை!"

அக்காகூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். கண்ணாடிக்காரரின் நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணாடியில் சொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

"தாண்டியாச்சு," என்றது போன். பிறகு காற்றுச் சத்தம். "ஏரி தெரியுதுங்க."

"எப்படி இருக்கு?"

"சொல்லத் தெரியல. வெள்ளையா, முடிவே இல்லாம…" அவள் நிறுத்தினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "இங்க உப்பு லாரி டிரைவர் ஒருத்தர் நிக்கிறார். நாளைக்கு நம்ம ஊர்ல லோடு இறக்கிட்டு, மறுநாள் விடியக்காலைல காலியாத் திரும்பறாராம். பேசிட்டேன், ஏத்திக்கிறேன்னார். வர்றீங்களா, இல்ல முதல்ல லாரியோட ஆக்ஸில் அளவு வேணுமா?"

"வரேன்," என்றார் கண்ணாடிக்காரர். 'ஆக்ஸில்' என்ற சொல்லை அவள் முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டார் என்று பட்டறையில் இருந்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

போனை வைத்தவர், கடையைச் சாத்த வேண்டும், துணி எடுத்து வைக்க வேண்டும் என்று எழுந்து வேட்டி தடுக்க நடந்தார். பின்னாலேயே டைல்ஸ்காரர் வந்தார்.

"சகலை, சகலை… லாரில முன்னாடி எத்தனை பேர் உக்காரலாம்னு கேட்டீங்களா?"

"கேக்கல," என்றார் கண்ணாடிக்காரர் நிற்காமல். "பல் துலக்கற பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு வந்து சேருங்க. நெருக்கி உக்காந்துக்கலாம்."